பானைக்குள் பெய்யும் மழை

மார்கழி விடியலில் கோயம்புத்தூரில் வாசல் தெளிக்கிற தண்ணீர் விரலைக் கடிக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணி ஆறரை இருக்கும், பக்கத்து வீட்டுப் பெண் செருப்புப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள். "மாமா, மீனு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

பெட்டிக்குள் ஒரு பச்சை பட்ஜி. பெட்டை. அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கிற சதைப்பட்டை ஆணுக்கு நீலமாக இருக்கும். இதற்கு நல்ல காப்பித்தூள் நிறத்தில் தடித்துப் போயிருந்தது. இனப்பெருக்கத்துக்கு உடம்பு தயாரான பெட்டையின் அடையாளம் அது. இறகை உப்பவைத்துப் பஞ்சு உருண்டை மாதிரி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. கால் இரண்டும் அகன்று கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால், அடிபம்புக் கைப்பிடி போல ஏறி இறங்கியது.

"முட்டை வெச்சிருக்குதா அம்மிணி?"

"ரெண்டு வெச்சிருக்குதுங். செவ்வாக்கெழமை ஒண்ணு, வியாழக்கெழமை ஒண்ணு. காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கறனுங்."

அந்த இரண்டு வட்டங்கள்தான் பாதி வைத்தியம். பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். செவ்வாய், வியாழன் என்றால் அடுத்தது சனி. இன்று ஞாயிறு. மூன்றாவது முட்டை வெளியே வரவில்லை. உள்ளேயே நிற்கிறது.

நான் மருத்துவன் அல்ல. இருபது வருடமாகக் கூண்டு வைத்திருக்கிறவன். என் அறியாமையால் செத்த பறவைகளின் கணக்கும் என்னிடம் உண்டு. ஆகவே இதில் சில விஷயங்களை விலை கொடுத்துத்தான் கற்றேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளிலிருந்து வந்த இந்த பட்ஜியைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரர். குட்டை வால், பெரிய தலை, கடித்தால் ரத்தம் வரும். கொண்டை வைத்த காக்கட்டீலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நம் தோப்புகளில் கத்திப் பறக்கும் பச்சைக்கிளி இந்த வரிசையில் சேராது. அது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. கூண்டில் வைப்பதே குற்றம். பிடிபடுவோமோ என்ற பயத்தில் நோயுற்ற கிளியை மருத்துவரிடம் காட்டாமலே சாகவிடுகிறவர்கள் இருப்பது இன்னொரு கொடுமை.

பறவைக்கு முட்டை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், மீனுவுக்கு என்ன ஆயிற்று என்பது தானாக விளங்கும். பெட்டைப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டுமே வேலை செய்யும். பறக்க வேண்டிய உடம்பு தேவையற்ற சுமையை வைத்துக்கொள்வதில்லை. சூலகத்திலிருந்து மஞ்சள்கரு உதிர்ந்து குழாய்க்குள் விழும். போகிற வழியில் வெள்ளைக்கரு சேரும், அதன்மேல் மெல்லிய சவ்வு போர்த்தும், கடைசியில் ஓடு சுரக்கும் பையில் தங்கும். கோழியில் வெள்ளைக்கரு சேர மூன்று மணி நேரம், சவ்வுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆனால் ஓடு கட்ட மட்டும் ஏறக்குறைய இருபது மணி நேரம். ஒரு முட்டைக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதியை அந்த மெல்லிய ஓடுதான் தின்கிறது.

ஓடு என்பது சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளொன்றுக்குச் சில கோடி முட்டைகள் லாரி ஏறும் ஊர் அது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம். ஒரு கோழியின் மொத்த எலும்புக்கூட்டிலும் இருப்பது சுமார் 20 கிராம். வருடத்துக்கு 300 முட்டை இடும் கோழி 600 கிராம் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. தன்னைப் போன்ற முப்பது கோழிகளின் எலும்பை! தீவனத்தில் வந்துகொண்டே இருந்தால் ஒழிய இது நடக்காது. அதனால்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை கால்சியம் வைக்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடு பெரும்பாலும் இரவில் கட்டப்படுகிறது. கோழி இரவில் தின்னாது. அப்படியானால் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் சாயங்காலத் தீவனத்தில் பொடியாக இல்லாமல் பெருநொய் அளவில் கிளிஞ்சல் கலப்பார். பொடி சட்டென்று கரைந்து போய்விடும். பெரிய துண்டு இரைப்பையில் தங்கி ராத்திரி முழுவதும் மெல்லமெல்லக் கரையும். "பொழுதோட கிளிஞ்சல் போடலீன்னா காத்தால முட்டை தோலாட்டம் வருமுங்" என்பார். அவர் உயிர்வேதியியல் படித்ததில்லை. பத்தாயிரம் கோழி அவருக்கு அதைச் சொல்லித் தந்தது.

அதுவும் போதாதபோது பறவை தன் எலும்பைக் கரைக்கிறது. முட்டையிடும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறியதும், பெட்டையின் நீள எலும்புகளின் உட்குழியில் புதிதாக ஒரு நொறுங்கு எலும்பு வளரத் தொடங்கும். உடம்பைத் தாங்குவது அதன் வேலையில்லை. சுண்ணாம்புக் களஞ்சியம், அவ்வளவுதான். தேவைப்படும்போது கரைத்து எடுத்துக்கொள்ளும், பருவம் முடிந்ததும் மறைந்துவிடும். கைஸ், பாட்டர் என்ற இருவர் 1934இல் புறாக்களில் இதை விவரித்தார்கள். பிறகு 2005இல் மேரி ஷ்வைட்சர், டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்பு ஒன்றுக்குள் இதே வகை எலும்பைக் கண்டதாக அறிவித்தார். அந்த மாபெரும் பிராணி பெட்டை என்பதும், செத்தபோது முட்டைப் பருவத்தில் இருந்தது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. செருப்புப் பெட்டிக்குள் கிடந்த மீனுவின் காலெலும்பிலும் அந்த ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு இருந்தது. களஞ்சியம்தான் காலி.

ஏன் காலி? பட்ஜி 35 கிராம் எடை. முட்டை ஏறக்குறைய 2 கிராம். ஐந்து முட்டை இட்டால் ஒன்பது, பத்து நாளில் 10 கிராம் வெளியே போகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதே நாட்களில் 14 கிலோவை உடம்பிலிருந்து உருவாக்கித் தருவதற்குச் சமம். இத்தனைக்கும் நம் வீடுகளில் அது தின்பது என்ன? தினை. விடிந்தால் தினை, பொழுது சாய்ந்தால் தினை. தினையும் கம்பும் நல்ல தானியங்கள்தான், நாமும் தின்கிறோம். ஆனால் அவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். உடம்புக்கு வேண்டிய விகிதம் தலைகீழாகக் கிடைக்கிறது. வைட்டமின் ஏ-யும் அதில் இல்லாத குறைதான். முட்டைக்குழாயின் உட்சுவர் வழுவழுப்பாக இருக்க அது வேண்டும்.

கால்சியக் குறைவின் கொடுமை அது இரண்டு பக்கமும் அடிப்பதில்தான். ஓடு கெட்டிப்படாமல் தோலாக நிற்கும். குழாயின் தசை இறுக்கித் தள்ளும்போது பிடிமானம் கிடைக்காது. அந்தத் தசை இறுகுவதற்கே ரத்தத்தில் கால்சியம் வேண்டும், அதுவும் இல்லை. முட்டையும் நகராது, தள்ளுவதற்கும் தெம்பில்லை. இதோடு குளிர் சேர்ந்தால் தசை இன்னும் மந்தமாகும். மார்கழி, தை மாதங்களில் இந்த முட்டை அடைப்பு கூடுவதற்கு அதுதான் காரணம். முதல்முறை முட்டையிடும் இளசும், சூரியகாந்தி விதை தின்று கொழுத்ததும், ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முட்டை வைத்ததும் முதலில் மாட்டிக்கொள்ளும். மீனு மூன்றாவது வகை. அது பிறகுதான் தெரிந்தது.

உள்ளே நிற்கும் முட்டை சும்மா நிற்பதில்லை. பறவைக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்து வயிறு வரை பரவியிருக்கின்றன. முட்டை அவற்றை அமுக்கும்போது மூச்சு வாங்குகிறது, வால் ஆடுகிறது. சிறுநீரகத்தையும், அதனூடே காலுக்குப் போகும் நரம்புகளையும் அழுத்தும்போது கால் மரத்துப் போகிறது. "கால்ல அடி பட்டிருக்குமுங்" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் கொண்டுவந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கால் நன்றாகத்தான் இருந்தது.

முதல் வேலை சூடு. மருந்துக்கும் முன்னால் சூடு. பறவையின் உடம்பு வெப்பம் 40, 41 டிகிரி. உப்பி உட்கார்ந்திருக்கிறது என்றால் அந்த வெப்பத்தைக் காக்கவே தன் கடைசிச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். என்னிடம் ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை உண்டு. அதன் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு, பறவை தொடமுடியாதபடி கம்பிவலைக்கு வெளியே. இப்போது கடையில் எல்இடி பல்புதான் தருகிறார்கள், அதில் சூடு வராது; நான் இரண்டு குண்டு பல்பைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைக்கலாம். கூடைக்குள் 30லிருந்து 32 டிகிரி இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஈரத்துண்டு, காற்று வறளாமல் இருக்க. சூடு ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம். அதிகமானால் பறவை நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாயைத் திறந்து சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு மிகுந்துவிட்டது. தண்ணீரும் தினையும் தரையிலேயே, மூக்குக்கு எதிரே. ஏறித் தின்ன அதற்கு ஆவி இல்லை. மேலே ஒரு துணி. சத்தம் கூடாது. தம்பிமார் எட்டிப் பார்க்கக் கூடாது.

அடைப்பு லேசாக இருந்தால் இந்தச் சூட்டிலேயே சில மணி நேரத்தில் முட்டை வந்துவிடுவதும் உண்டு. ஆனால் வால் ஆடுகிறது, கால் மரத்திருக்கிறது என்றால் காத்திருக்க நேரமில்லை. சூடு குறையாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாய்க்கு வைத்தியம் பார்க்கத் தெருவுக்கு ஒருவர் இருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கிற ஆளைத் தேடுவது லேசில்லை. நான்கு பேருக்குப் போன் அடித்து ஐந்தாமவர் வரச் சொன்னார். ஆட்டோவில் அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மேட்டில் குலுங்கும்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டாள்.

மருத்துவர் பறவையைத் துண்டில் பிடித்து, எச்சத்துளைக்கு மேலே ஒற்றை விரலால் தடவிப் பார்த்தார். பட்டாணியை விடப் பெரியதாக ஒரு மேடு. எக்ஸ்ரேயில் முட்டையின் நிழல் இருந்தது. ஆனால் கோலப்பொடியில் கிழித்த கோடு போல வெளிறி இருந்தது. சுண்ணாம்பு சேரவில்லை. நெஞ்சுச் சதையில் கால்சியம் குளூக்கோனேட் ஊசி, தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன், பிறகு மறுபடியும் சூட்டுப் பெட்டி. "வெயிட் பண்ணலாம்" என்றார். பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஒரு முனகல் போலச் சத்தம். பெட்டிக்குள் ஒரு முட்டை, பாதி தோலாக, விரலால் தொட்டால் குழி விழுகிற மாதிரி. பெரியப்பா மகன் சொல்லும் அதே 'தோலாட்டம்'.

அதிலும் வரவில்லையென்றால் அடுத்த படிகள் உண்டு. பெண்களுக்குப் பிரசவத்தில் கொடுக்கும் ஆக்ஸிடோசின் பறவைக்கு நன்றாக வேலை செய்வதில்லை. பறவையின் சொந்த ஹார்மோன் வேறு, வாசோடோசின். எனவே பல மருத்துவர்கள் புரோஸ்டாகிளாண்டின் களிம்பைக் குழாயின் வாயில் தடவுகிறார்கள். அதுவும் தோற்றால் ஊசியால் முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி, ஓட்டைச் சுருங்கவைத்து எடுப்பார்கள். கடைசியாக அறுவை. இவை எதுவும் வீட்டில் செய்கிற வேலையில்லை. வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்கி எடுத்துவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு. முட்டை உள்ளே உடைந்தால் ஓட்டுச் சில்லு குழாயைக் கிழிக்கும், கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடிக்கும்; உடையாமல் வந்தாலும் குழாயே சேர்ந்து பிதுங்கி வெளியே வந்துவிடலாம்.

விளக்கெண்ணெய் இன்னொன்று. கீழே தடவினால் ஓடு சுரக்கும் பை வரை அது போகாது. வாயில் ஊற்றினால் அதைவிட மோசம். பறவையின் மூச்சுத்துளை நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. சோர்ந்த பறவைக்கு ஊற்றும் எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போகும். என் முதல் காக்கட்டீல் அப்படித்தான் போயிற்று. ஊற்றியது என் கை.

பிறகு அந்த மஞ்சள் கேப்ஸ்யூல். பறவை உப்பினால் டெட்ராசைக்ளினைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிவிடும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. முட்டைப் பருவத்தில் இது இரட்டை முட்டாள்தனம். டெட்ராசைக்ளினும் அதன் உறவான டாக்ஸிசைக்ளினும் கால்சியத்தைக் கண்டால் கட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கூண்டில் கடல் நுரை, அதாவது கணவாய் மீனின் உள்ளோடு, தொங்குகிறது, தண்ணீரில் டெட்ராசைக்ளின் மிதக்கிறது என்றால் குடலில் இரண்டும் பிணைந்து, மருந்தும் ஒட்டாது, சுண்ணாம்பும் ஒட்டாது. வறண்ட நாட்டுப் பறவையான பட்ஜி குடிப்பதே சில துளிதான். கசந்தால் அதையும் குடிக்காது. முட்டை அடைப்பு கிருமியால் வருவதில்லை என்பதை வேறு இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனிதர் தின்னும் வலிமாத்திரையைப் பொடித்துத் தருவோர் மாயாறு பள்ளத்தாக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், நீலகிரி அடிவாரத்தில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகள் அங்கேதான் கூடு கட்டுகின்றன. இந்தியாவெங்கும் அவற்றை அழித்தது மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்ற வலிமருந்து ஊசி. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டுக்கு நல்லது, மனிதனுக்கு நல்லது, கழுகுக்கு விஷம். உங்கள் பட்ஜிக்கு எது எப்படி என்று மருந்துச்சீட்டு இல்லாமல் யார் சொல்ல முடியும்?

கிருமி நோயே வராது என்பதில்லை. கிளிக்காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா கிருமி, பறவைக்குள் ஓசையில்லாமல் தங்கியிருந்து, முட்டையிடுதல் போன்ற பாரம் வரும்போது எச்சத்தில் வெளியேறும். காய்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுக்கும் மனிதருக்கும் தொற்றும். 1929-30இல் பல நாடுகளுக்குப் பரவியது. நோயுற்ற பறவையின் கூண்டைத் துடைக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் துடையுங்கள், வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது பறவை நோயுற்ற நாட்களில் விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவரிடம் பறவை இருப்பதையும் சொல்லுங்கள்.

இனப்பெருக்கக் காலத்தில் பறவை நோயைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அடைகாக்கும் பெட்டை இயல்பாகவே பானைக்குள் மறைந்து கிடக்கும். முட்டைக்கு முந்தைய நாட்களில் அடிவயிறு வீங்கும். நாள் முழுக்க அடக்கிவைத்து ஒரே தடவையாகப் பெரிய, நாற்றமடிக்கும் எச்சம் போடும். இவை நோயில்லை. கூட்டமாக வாழும் பறவை தன் நோயை முடிந்தவரை மறைக்கும் என்பதும் சேர்ந்துகொண்டால் நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதி வழி தாண்டியிருக்கும். பானைக்கு வெளியே, கூண்டின் தரையில் பெட்டை உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணை விடத் தராசு நம்பகமானது. கோவையில் தராசுக்குப் பஞ்சமா? நகைப் பட்டறைக்காரர் ஒருவர் மாற்றிவிட்ட சின்ன எலக்ட்ரானிக் தராசு எனக்குக் கிடைத்தது. சமையலறைத் தராசும் போதும், ஒரு கிராம் துல்லியம் இருந்தால் சரி. தினமும் காலையில், தின்பதற்கு முன் நிறுக்க வேண்டும். மேலே ஒரு சின்னக் குச்சியை நிறுத்தி வைத்தால் பழகிய பறவை தானே வந்து ஏறும். 35 கிராம் பறவையில் 3 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு போனதற்குச் சமம். இறகுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

தடுப்பதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை. கடல் நுரை என்று நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கூண்டில் ஆண்டு முழுக்கத் தொங்கட்டும். முருங்கைக்கீரையில் கால்சியமும் உண்டு, வைட்டமின் ஏ-வாக மாறும் சத்தும் உண்டு. மூலனூர் முருங்கை வடக்கே லாரி லாரியாகப் போகிறது. கொல்லையில் நிற்கும் மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் கூண்டில் கட்ட நமக்குத் தோன்றுவதில்லை. பாலக்கீரை அந்த அளவுக்கு வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போக வைட்டமின் டி3 வேண்டும், அதற்குக் காலை வெயில். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு வெயில் காட்டினோம் என்று நினைக்கக் கூடாது. வேண்டிய புற ஊதாக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் அரைமணி நேரம் போதும். பாதிக் கூண்டுக்கு நிழலும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும். பூனைக்கும் வல்லூறுக்கும் பால்கனி தெரியும்.

ஆனால் மீனுவின் கதை கடல் நுரையில் முடிவதில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூண்டைப் பார்த்தேன். மூலையில் ஒரு மண் பானை, பக்கவாட்டில் ஓட்டை போட்டது. "இத எப்பக் கட்டினீங்க?" என்று கேட்டதற்கு அவள் அமுச்சி பதில் சொன்னார். "அது கட்டுனபடியே கெடக்குது சாமி. போன வருசம் ஆடியில கட்டுனது. நாலு வாட்டி குஞ்சு பொரிச்சிருச்சு, இது அஞ்சாவது." பெருமையாகத்தான் சொன்னார்.

பட்ஜிக்கு ஆஸ்திரேலியாவில் நாள்காட்டி கிடையாது. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை கட்டினால் கூட்டம் அங்கே போய் இறங்கும், மரப்பொந்து தேடும், அடுத்தடுத்து முட்டை வைக்கும். விதை தீர்ந்தால் நிறுத்திவிட்டுப் பறந்துவிடும். நம் பறவைகள் பலவற்றுக்குப் பகலின் நீளம் போல ஒரு நிதானமான கடிகாரம் உண்டு. பட்ஜியின் உடம்புக்கு மழைதான் கடிகாரம். மழை என்று எதைக்கொண்டு அது முடிவு செய்கிறது? பார்பரா பிராக்வே 1965இல் வெளியிட்ட ஆய்வில் ஆணின் கொஞ்சல் குரலே பெட்டையின் சூலகத்தை வளரவைத்து முட்டையிடத் தூண்டும் என்று காட்டினார். ராபர்ட் ஹைண்டும் புட்மனும் 1973இல் இன்னும் விசித்திரமான ஒன்றை ஆராய்ந்தார்கள்: முழு இருட்டில் வைத்தாலும் பட்ஜி முட்டையிடுகிறதே, ஏன்? பொந்துக்குள் இருக்கும் பறவைக்கு எப்படியும் இருட்டுதானே. அதன் உடம்பு இருட்டை ஓய்வாக எடுத்துக்கொள்வதில்லை. பொந்தும் இருட்டும் ஆணின் குரலும் சேர்ந்தால் போதும்.

இப்போது அந்தக் கூண்டைப் பாருங்கள். குறையாத தினைக் கிண்ணம். ஓயாமல் கொஞ்சும் ஒரு ஆண். மூலையில் இருட்டுப் பானை. மீனுவின் உடம்பைக் கேட்டால் ஒன்றரை வருடமாக மழை நிற்கவே இல்லை என்று சொல்லும். கோயம்புத்தூரில் ஐப்பசி மழை ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறது, இந்தப் பானைக்குள் மட்டும் ஓயவில்லை.

"ரெண்டும் பாவமுங் மாமா, பிரிச்சா ஏங்கிப் போயிருமுங்" என்றாள் பெண். பானையைக் கழற்றினேன். ஆணை வேறு கூண்டில் போட்டு, சத்தம் கேட்காத மொட்டை மாடி அறைக்கு அனுப்பினோம். ஹாலில் டியூப்லைட் பத்தரை வரை எரிவதால் மீனுவின் கூண்டை ஆறரைக்கே துணி போட்டு மூடச் சொன்னேன். இருட்டு மட்டும் முட்டையை நிறுத்திவிடாது என்றாலும், நீளமான பகலும் தூண்டல்களில் ஒன்று; ஒன்றையாவது குறைக்கலாமே.

பானையில் கிடந்த இரண்டு நல்ல முட்டைகளை என்ன செய்வது? பட்ஜியில் ஆண் அடைகாக்காது, பானை வாசலில் நின்று பெட்டைக்கு ஊட்டுவதோடு சரி. காக்கட்டீலாக இருந்தால் ஆணும் முறை மாற்றி உட்காரும். மீனுவை மறுபடி உட்காரவிட முடியாது. சிங்காநல்லூரில், மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருபது ஜோடி வைத்திருக்கிறார். ஏறக்குறைய அதே நாட்களில் முட்டை வைத்த பெட்டை அவரிடம் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து அதன் அடியில் நுழைத்தார். பட்ஜி எண்ணிப் பார்ப்பதில்லை. குஞ்சு பொரித்த பிறகு தாய் நோயுற்றாலும் இதே வழிதான் நல்லது. ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள பானை வேண்டும். இறகு முளைத்த குஞ்சென்றால் தகப்பனே ஊட்டி ஆளாக்கிவிடுவதும் உண்டு. தாய்க்குத் தொற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் இப்படி இடம் மாற்றக் கூடாது. தாய் தன் இரைப்பையிலிருந்து எடுத்து ஊட்டுகிறது, வந்த நோய் குஞ்சுக்குள்ளும் இருக்கும்.

மில்காரர் வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் எடுப்பதில்லை. "புரட்டாசி தாண்டுனாத்தான் பானை கட்டுவனுங். பங்குனி பொறந்தா கழட்டீருவன். அந்த வெயில்ல குஞ்சு வெந்து போயிருமுங்" என்றார். வெயிலுக்குப் பயந்து செய்கிற காரியம், பெட்டைக்கு ஏழு மாத ஓய்வாகவும் ஆகிறது.

பதினெட்டாம் நாள் அவரிடமிருந்து போன். புள்ளி வைத்ததில் ஒன்று பொரிந்துவிட்டது, இன்னொன்று கூமுட்டை.

மீனு மூன்று வாரத்தில் பழைய எடைக்கு வந்தது. அந்தப் பெண் ஒரு ரூல்டு நோட்டில் தேதி, எடை, எச்சம் என்று பத்தி பிரித்து எழுதுகிறாள். இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று தெருவில் காயப்போட்ட துணியையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நோட்டைத் தூக்கிக் காட்டினாள். 36 கிராம்.

"மாமா, புரட்டாசிக்கு இன்னும் எத்தன நாளுங்?"